உடற்பருமன் அறுவை: கடல் கடந்தா, கைக்கெட்டும் தூரத்திலா?

 

வைத்தியத்திற்காகப் பிரயாணம் புறப்படுவது தாமிரபரணிக் கரை மக்களுக்குப் புதிய செய்தி அன்று. மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் ஏர்வாடியிலும் கடையநல்லூரிலும் காயல்பட்டினத்திலும் பெரிய நோய் என்று சொல்லிவிட்டால், மதுரைக்கோ திருவனந்தபுரத்திற்கோ சென்னைக்கோ வேலூருக்கோ செல்வது நெடுநாளைய வழக்கம். இப்பொழுது ஒரு சிகிச்சைக்கு மட்டும் அந்த எல்லை கடலையும் தாண்டத் தொடங்கியிருக்கிறது. உடல் எடையைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சைதான் அது. துருக்கிக்குப் போகலாமா, வேலை பார்க்கும் துபாயிலேயே செய்துகொள்ளலாமா, விடுப்பில் வந்து ஊரில் முடித்துக்கொள்ளலாமா என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். இக்கேள்வியைச் சிரித்து ஒதுக்குவது நியாயமாகாது.

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மீறிய எடை உடையவர்கள். நம் ஊர்களின் நெய்ச்சோறும் அல்வாவும் வட்டிலப்பமும் அக்கணக்கிற்குத் தம் பங்கைச் செலுத்தியே வருகின்றன. ஆயினும் பருமன் முழுவதையும் நாவின் குற்றமாகக் கருதுவது தவறு. பரம்பரை, சுரப்பிகளின் கோளாறு, உறக்கக் குறைவு, உட்கார்ந்த தொழில், சில மருந்துகள் எனக் காரணங்கள் பல. குனிந்து ஸஜ்தா செய்ய முடியாமல் நாற்காலியில் அமர்ந்து தொழும் முப்பது வயதுப் பெண்ணை நோயாளியாகப் பார்க்கவேண்டுமே அன்றி, பெருந்தீனிக்காரி என்று பேசலாகாது.

முதலில் இந்தச் சிகிச்சை யாது என்பதைத் தெரிந்துகொள்வோம். ஸ்லீவ் என்னும் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி அகற்றி, எஞ்சியதை ஒரு குழாய்போல் ஆக்கிவிடுகின்றனர். பைபாஸ் என்னும் முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை ஒன்றை அமைத்து, அதனைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரே இணைக்கின்றனர். உண்ணும் அளவு குறைவதோடு, பசியைத் தூண்டும் சுரப்புகளும் மாறுகின்றன. நீரிழிவு உள்ள பலருக்கு அந்நோயும் தணிகிறது. தேர்ந்த மையங்களில் இதனால் நேரும் மரணம் ஆயிரத்தில் ஒன்று என்னும் அளவுதான். பித்தப்பை அறுவையோடு ஒப்பிடத்தக்க அபாயமே. ஆனால் ஸ்லீவ் செய்து வெட்டி எடுத்த இரைப்பையைத் திரும்ப வைக்க இயலாது. எந்த முறையானாலும் வைட்டமின்களையும் இரும்புச் சத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் ஆயுள் முழுவதும் கவனித்து வரவேண்டும். அறுவை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். சிகிச்சையோ முடிவதே இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், எங்கே செய்வது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மார்க்கம் இதை அனுமதிக்கிறதா என்று கேட்போர் உளர். 2007ஆம் ஆண்டு ஜூலையில் மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, அழகுச் சிகிச்சைகளைப் பற்றிய தன் தீர்மானத்தில் இதனையும் எடுத்துப் பேசியிருக்கிறது. எடை ஒரு நோய் நிலையாக இருந்து, அறுவையன்றி வேறு வழி இல்லாமல், தீங்கிற்குப் பாதுகாப்பும் இருக்குமானால் அறுவை ஆகும் என்பதே அத்தீர்மானத்தின் கருத்து. ஆகவே நிபந்தனைகள் மூன்று: நோய் இருக்கவேண்டும், வேறு வழி அடைபட்டிருக்கவேண்டும், தீங்கைத் தடுக்கும் ஏற்பாடு இருக்கவேண்டும். எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் என்ற கேள்வி மூன்றாவது நிபந்தனைக்குள் அடங்கும். எனவே இடத்தைத் தேர்வதும் மார்க்கக் கடமையின் ஒரு பகுதியே ஆகும்.

கடல் கடந்து இச்சிகிச்சைக்குச் சென்றவர்களில் உலகமே அறிந்தவர், எகிப்தின் அலெக்சாந்திரியா நகரத்து இமான் அஹ்மத் என்னும் சகோதரி. ஏறத்தாழ 500 கிலோ எடையோடு, பல்லாண்டுகள் வீட்டை விட்டு வெளியே வர இயலாதிருந்தவர் அவர். 2017 பிப்ரவரியில் சரக்கு விமானம் ஒன்றில் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டார். அங்குள்ள சைஃபி மருத்துவமனையில் டாக்டர் முஃபஸ்ஸல் லக்டாவாலா தலைமையிலான குழு மார்ச் மாதத்தில் ஸ்லீவ் அறுவை செய்தது. எடை பெருமளவு குறைந்ததாக மருத்துவமனை அறிவித்தது. உடன் வந்த தங்கையோ அக்கூற்றை மறுத்தார்; வழக்கிடாத குறையாகக் கருத்து வேற்றுமை முற்றியது. மே மாதம் அவர் அபுதாபிக்கு மாற்றப்பட்டார். செப்டம்பர் 25ஆம் நாள் அங்கேயே இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். இதயக் கோளாறும் சிறுநீரகக் கோளாறும் காரணம் எனச் சொல்லப்பட்டது. அவருடைய நோய் நம்மில் எவருக்கும் வராத அளவு பெரிது. மருத்துவர் எவரையும் குறை கூற நாம் இதை எழுதவில்லை. நாம் காணவேண்டியது ஒன்றே: ஒரே ஆண்டிற்குள் மூன்று நாடுகள், இரண்டு மருத்துவமனைகள், அவற்றிடையே நோயாளியின் குடும்பம். அறுவை செய்த கையே இறுதிவரை கவனிக்கும் கையாக அமையவில்லை.

எளிய மக்களின் கதைகளும் உண்டு. மெக்சிகோவின் திஜுவானா நகருக்கு எடைக் குறைப்பு அறுவைக்குச் சென்று திரும்பிய அமெரிக்கர்கள் சிலருக்கு, வலிமை மிக்க மருந்துகளுக்கும் கட்டுப்படாத சூடோமோனாஸ் கிருமி தொற்றியிருந்தது. 2019 ஜனவரியில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. துருக்கியில் வயிற்றினுள் போட்டாக்ஸ் ஊசி போட்டுக்கொண்ட 80க்கும் மேற்பட்டோர் 2023ஆம் ஆண்டில் நரம்புகளைத் தாக்கும் நச்சுநோய்க்கு ஆளாயினர். 2019 முதல் துருக்கிக்கு வைத்தியத்திற்காகச் சென்ற தம் நாட்டவர் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துள்ளதாகப் பிரித்தானிய அரசு தன் பயண அறிவுரையில் குறித்துள்ளது. அவர்கள் அனைவரும் பருமன் சிகிச்சைக்குச் சென்றவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. அந்நாடுகளில் நல்ல மருத்துவர்களும் நிறைய உள்ளனர். ஆனால் விமானச் சீட்டு, விடுதி, அறுவை, ஊர் சுற்றல் அனைத்தையும் ஒரு வாரத்திற்குள் ஒரே விலையில் கட்டிக் கொடுக்கும் வணிகத்தில், எட்டாம் நாளுக்குப் பொறுப்பேற்பவர் யார்?

எட்டாம் நாளுக்கு அஞ்சக் காரணம் உண்டு. வெட்டித் தைத்த இரைப்பை நூற்றில் ஓரிருவருக்குக் கசியக்கூடும். அது பெரும்பாலும் வீடு திரும்பிய பின்னரே தெரியவரும். நெஞ்சு படபடப்பு, காய்ச்சல், வயிற்று வலி, இடது தோளில் வலி, மூச்சு வாங்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள். காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறும் அபாயமும் அந்நாட்களில் மிகுதி. நெடுநேர விமானப் பயணம் அதனை மேலும் கூட்டும். ஓயாத வாந்தி இருந்தால் பி1 வைட்டமின் வற்றிப்போய் மூளையையே தாக்கலாம். நள்ளிரவில் இவற்றில் ஒன்று வந்தால் நம்மவர் ஓடுவது பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்குத்தான். 1965இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே இருக்கிறது. அங்கே இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவரின் கையில் துருக்கி மொழியில் எழுதிய ஒரு தாளைக் கொடுத்தால் அவர் என் செய்வார்? எந்தத் தாளும் இல்லாமல், அறுவை நடந்ததையே மறைத்தால் என் செய்வார்?

மறைத்தல் என்றேன். இதுவே இவ்விஷயத்தின் வேர். கடல் கடந்து செல்வோரில் பலர் அங்கே வைத்தியம் சிறந்தது என்பதற்காகச் செல்லவில்லை. ஊருக்குத் தெரியாமல் இருக்கவேண்டும் என்பதற்காகச் செல்கின்றனர். பெண் பார்க்க வந்தவர்கள் உடம்பைக் காரணம் காட்டி எழுந்து போனதால், நகையை விற்றும் கடன் வாங்கியும் மகளை அனுப்பத் துணியும் பெற்றோரை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுவது மருத்துவரின் கத்தியா, நம் நாவின் அடக்கமா? நோய் இல்லாத உடலை மாப்பிள்ளை வீட்டாரின் கண்ணுக்காக அறுப்பதை முன்சொன்ன தீர்மானம் அனுமதிக்கவில்லை. நோய் உள்ள உடலை அறுப்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. கண்புரைக்கு அறுவை செய்துகொள்வதை நாம் மறைக்கிறோமா?

இனி, ஊரில் செய்தால் எல்லாம் நலம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரின் தனியார் மருத்துவமனை ஒன்றில் இச்சிகிச்சைக்குச் சென்ற ஓர் இளைஞர் உயிரிழந்தார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. அம்மருத்துவமனையின் அனுமதியும் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அருகில் இருப்பது மட்டுமே பாதுகாப்பு ஆகாது.

வளைகுடாவில் உழைக்கும் சகோதரர்களுக்கு இங்கே ஒரு சொல். 30 நாள் விடுப்பில் ஊர் வந்து, முதல் வாரம் அறுவை செய்து, நான்காம் வாரம் விமானம் ஏறிவிடலாம் என்பது உங்களில் பலரின் கணக்கு. அப்படிச் செய்கிறவர் தம் சொந்த ஊரிலேயே வெளிநாட்டு நோயாளி ஆகிவிடுகிறார். முதல் இரண்டு வாரம் நீர் உணவு, அடுத்த இரண்டு வாரம் குழைத்த உணவு, பிறகுதான் மெல்ல மெல்லத் திட உணவு என்பது பொது முறை. எட்டுப் பேர் தங்கும் அறையில், மெஸ் சாப்பாட்டில் இது நடக்குமா? ஆகவே இதில் சொந்த ஊர் என்பதன் பொருள் பிறந்த மண் அன்று. அடுத்த ஓராண்டு நீங்கள் எங்கே உறங்கி எழப் போகிறீர்களோ அதுவே இந்தச் சிகிச்சைக்கு உங்கள் ஊர். குடும்பத்தோடு துபாயில் இருப்பவர் அங்கே செய்துகொள்வதே முறை. தனியாக இருப்பவர், மூன்று நான்கு மாதம் ஊரில் தங்க வழி இருந்தால் இங்கே செய்யட்டும். இல்லையேல் வழி பிறக்கும் வரை பொறுத்திருக்கட்டும்.

எங்கே செய்தாலும் சில கேள்விகளைக் கேட்காமல் கையொப்பம் இடாதீர்கள். இம்மருத்துவர் ஆண்டுதோறும் இவ்வறுவையை எத்தனை பேருக்குச் செய்கிறார்? தீவிர சிகிச்சைப் பிரிவும் இரத்த வங்கி வசதியும் உண்டா? மயக்க மருந்து நிபுணர் முன்கூட்டியே என்னைப் பரிசோதிப்பாரா? உணவியல் ஆலோசகர் உடன் இருக்கிறாரா? கசிவு நேர்ந்தால் இங்கேயே திறந்து பார்ப்பார்களா? அதன் செலவு யாருடையது? அறுவைக் குறிப்பை ஆங்கிலத்தில் தருவார்களா? தரும் மருந்துக் குப்பிகளின் ஜெலட்டின் எதனால் ஆனது என்றும் கேளுங்கள். வாழ்நாள் முழுவதும் விழுங்கப் போவது அல்லவா?

பணத்தைப் பற்றியும் அறிந்திருங்கள். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதிகளின்படி, 18 வயது நிரம்பியவருக்கு, மருத்துவரின் ஆலோசனையின் பேரில், பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை எண் 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து இதய நோய், உறக்கத்தில் கடும் மூச்சுத் தடை, கட்டுக்கடங்காத நீரிழிவு போன்றவை இருந்து எடையைக் குறைக்கும் மற்ற வழிகள் பலிக்காமல் போனாலோ, பருமன் அறுவைக்குக் காப்பீட்டுத் தொகை மறுக்கப்படலாகாது. உங்கள் பாலிசியில் காத்திருப்புக் காலம் எத்தனை ஆண்டு என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வணிகர் காட்டும் மலிவு விலையோடு இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 2025ஆம் ஆண்டில் மவுன்ஜாரோ, வெகோவி எனும் ஊசி மருந்துகளும் நம் நாட்டுக்கு வந்துவிட்டன. மற்ற வழிகள் அடைபட்டனவா என்று பார்க்கும்போது அவற்றைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்கத்தான் வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு குறிப்பு. அறுவைக்குப் பின் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். திருமணத்தை எண்ணி இச்சிகிச்சைக்கு விரைவோர் இதனை இரு வீட்டாருக்கும் தெரிவித்தாக வேண்டும். ரமளான் நோன்பையும் முதல் ஆண்டில் மருத்துவரைக் கேளாமல் பிடிக்கவேண்டாம். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையைப் பெறுவது குறையாகாது.

இறுதியாக, வயிற்றைச் சுருக்கியவர் திரும்பி வந்து அமர்வது நம் விருந்துச் சஹனின் முன்னேதான். வயிற்றை மூன்று பங்காகக் கருதச் சொன்ன அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உம்மத்தாகிய நாம், மறுக்க மறுக்க இன்னொரு கரண்டி வைப்பதையே உபசாரமாக வைத்திருக்கிறோம். நான்கு பிடியோடு கையை எடுப்பவரைப் பார்த்து, ஏன் என்று கேளாமல் அமைதியாக இருக்கப் பழகுவோம். அறுவைக்குச் செல்லும் துணிவு அவருக்கு வேண்டும். அவரைத் தலைகுனிய வைக்காத பண்பு நமக்கு வேண்டும். அந்தப் பண்பு ஊரில் இருந்தால், ஊரை விட்டு ஒளிந்தோட எவருக்கும் தேவை வராது.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் நிறைந்த ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.