கப்பலேறும் கணவாய்க்கு லேப் டெஸ்ட்... நம்ம வீட்டு மீனுக்கு?

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் கரையிறங்கும் கணவாய் இரண்டாகப் பிரிகிறது. நல்ல சைஸ் உள்ளது ஐஸ் போட்டு ஏற்றுமதி கம்பெனிக்கு, மிச்சம் உள்ளூர் மார்க்கெட்டுக்கு. கடலும் ஒன்றுதான், வலையும் ஒன்றுதான். ஆனால் சுத்தம் செய்த கணவாயில் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் இருந்தால் ஐரோப்பாவில் விற்க முடியாது. அந்த வரம்பைத் தாண்டி இந்தியக் கணவாய் அங்கே மாட்டிய சம்பவங்கள் உண்டு. அதனால்தான் மாதிரி எடுத்து, லேபில் பார்த்து, சான்றிதழோடு அனுப்புகிறார்கள்.

மார்க்கெட்டுக்கு வரும் கணவாய்க்கு? வரம்பு நமக்கும் இருக்கிறது. சாதாரண மீனில் பாதரசம் கிலோவுக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஆனால் அதிகாரிகள் மார்க்கெட்டில் ரெய்டு வருவது பெரும்பாலும் ஃபார்மலினுக்கும் கெட்டுப்போன மீனுக்கும்தான். கெட்ட மீனை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். கன உலோகம் மணக்காது. செவுளைத் தூக்கிப் பார்த்தாலும் தெரியாது. குழம்பு கொதித்தாலும் போகாது.

இந்தக் கரைக்கு இது கூடுதல் கவலை. ஒரு பக்கம் வ.உ.சி. துறைமுகம், பக்கத்திலேயே 1,050 மெகாவாட் அனல்மின் நிலையம். நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம், பாதரசம் எல்லாமே சிறிய அளவில் உண்டு. தாமிர ஆலை 2018-ல் மூடப்பட்டது. அதற்கு முன்பே, 2013-ல், சூழலை மாசுபடுத்தியதற்காக உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. "அதான் மூடியாச்சே" என்று கேட்கலாம். உலோகம் மக்கிப் போகிற பொருள் இல்லையே! கடலடிச் சேற்றில் சேர்ந்தது அங்கேயே கிடக்கும். புழு, சிப்பி, சின்ன மீன், பெரிய மீன் என்று கைமாறும். அதற்காக எல்லாப் பழியையும் ஆலைகள் மேல் போடவும் முடியாது. கணவாய் இயல்பிலேயே காட்மியத்தைத் தன் கல்லீரலில் சேர்த்துவைக்கும் உயிர்.

பண்ணை இறால் பாதுகாப்பா? வனாமி மூன்று, நான்கு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடுவதால், பல வருஷம் கடலில் திரிந்த பெரிய மீன் அளவுக்கு பாதரசம் சேர நேரமில்லை. ஆனால் குளத்துக்கு வரும் கழிமுகத் தண்ணீரும், தீவனத்தில் கலக்கும் மீன்தூளும் எங்கிருந்து வருகிறதோ, அந்த இடத்தின் அழுக்கும் கூடவே வரும். பண்ணையில் எல்லோரும் பயப்படுவது ஆன்டிபயாட்டிக் சோதனைக்கு. காரணம், அதைத்தான் வெளிநாட்டு வாங்குபவர் முதலில் கேட்கிறார்.

நெருடலான விஷயம் சுறாப் புட்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று அம்மாக்கள் ஆசையாகச் செய்து கொடுப்பது. சுறாவோ மற்ற மீன்களைத் தின்று வளரும் இனம். அதன் சதையில் மெத்தில் பாதரசம் சேரும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சுறாவைத் தவிர்க்கச் சொல்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஏனென்றால் பாதிப்பு குழந்தையின் மூளைக்கும் நரம்புக்கும். பால்சுறா சின்ன இனம்தான், பெரிய சுறா அளவுக்கு இருக்காது. அது எவ்வளவு என்று தாய்க்குச் சொல்லத்தான் ஆளில்லை. அதுவரை சாளை, நெத்திலி போதும். கணவாய் வாங்கினால் குடல், கல்லீரலைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள், காட்மியத்தில் பெரும்பகுதி அங்கேதான்.

"இதையெல்லாம் எழுதினால் மீன் விலை விழுந்துடும்" என்பது கடற்கரையில் நியாயமான பயம். 2018 ஃபார்மலின் பீதியில் அடி வாங்கியவர்கள் அவர்கள். ஆனால் எண் இல்லாத இடத்தில்தான் வதந்தி ஓடும். தூத்துக்குடியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும் இருக்கிறது. மாதம் ஒரு தடவை மார்க்கெட்டில் மாதிரி எடுத்து, எந்த மீனில் எந்த உலோகம் எவ்வளவு என்று ஏலக்கூடத்திலேயே தமிழில் ஒட்டினால் போதும். ஜெர்மனியில் கணவாய் வாங்குபவருக்குக் கிடைக்கிற அதே தகவல்தான்.