பட்டியலில் இருக்கிறது, ஆற்றில்?
லமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ் என்ற நன்னீர் மட்டியை ஐ.யு.சி.என். அமைப்பின் சிவப்புப் பட்டியல் அச்சுறுத்தல் குறைந்த இனம் என்கிறது. ஆகவே அதைக் காக்கச் செலவழிப்பது வீண் என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆனால் அந்த மதிப்பீடு பல நாடுகளில் பரவிக் கிடக்கும் ஓர் இனத்துக்கானது. சேர்வராயன் மலையில் பிறந்து, சேலத்தின் சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமந்து, நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியில் சேரும் திருமணிமுத்தாற்றுக்கு அது நற்சான்று ஆகாது. மட்டி ஓடிப் பிழைக்கும் உயிர் அல்ல. சேற்றில் பாதி புதைந்து, ஓடுகளை லேசாகத் திறந்து, தண்ணீரை உள்ளிழுத்துப் பாசித்துகளை வடித்துத் தின்னும். எந்த நீர் வந்தாலும் அதைத்தான் குடித்தாக வேண்டும்.

குளத்தில் வளர்த்து ஆற்றில் விட்டால் போதாதா என்பது அடுத்த கேள்வி. போதாது. இதன் இளம்புழு மீனின் செவுளிலோ துடுப்பிலோ சில காலம் ஒட்டியிருந்தால்தான் மட்டியாகும்; மீன் செத்த ஆற்றில் விட்டவை வாரிசு இல்லாமல் கிழடாகிச் சாகும். பெரிய மட்டிகளைப் பார்த்து 'இருக்கிறதே' என்று திருப்திப்படுவதும் இதனால்தான் தவறு. குஞ்சு மட்டி உண்டா என்று தேட வேண்டும். முதல் செலவு கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும், அடுத்தது திருமணிமுத்தாறு, சரபங்கா ஆறு, அவற்றை நம்பிய ஏரிகள் ஆகியவற்றில் கணக்கெடுப்புக்கும் போகட்டும்.