மீட்டுப் பார்க்காத காப்புப் பிரதி

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் தீ மூண்டது. அரசு ஊழியர்களின் பணிக்கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ அமைப்பின் 858 டெராபைட் தரவு அழிந்துபோனது. அளவு மிகப் பெரியது என்பதால் வெளியிடத்தில் பிரதி எடுத்து வைக்கவில்லை என்று விளக்கம் தரப்பட்டது. தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் நாட்டிலேயே இது நடந்தது. நுட்பம் வேறு, அதைப் பேணும் பழக்கம் வேறு என்பதையே இது காட்டுகிறது.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பிறருடைய தவறுகளிலிருந்து. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணைத் தரவுத்தளத்தின் கோப்புகள் என்று எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட் மட்டுமே மிஞ்சியது. வழக்கமாகப் பிரதி எடுக்கும் ஏற்பாடு, மென்பொருள் பதிப்புகள் பொருந்தாததால் முன்னரே செயலிழந்திருந்தது. அதை எச்சரிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்னர் எடுக்கப்பட்ட பிரதியே கைகொடுத்தது.

கிட்லேப் இதை மூடி மறைக்கவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. தவறு நடந்த விதத்தை ஆய்வறிக்கையாக வெளியிட்டது. தரவுத்தளப் பணியாளர்களின் கூட்டங்களில் பகிரப்படும் பாடங்கள் பலவும் இத்தகைய அனுபவங்களில் விளைந்தவையே. மீட்டுப் பார்க்காத பிரதியை பேக்கப் என்று எண்ணாதே. பிரதி எடுப்பது நின்றுபோனால் எச்சரிக்கை ஒலிக்கச் செய். அழிக்கும் கட்டளையை இடுமுன் எந்தச் சர்வரில் இருக்கிறாய் என்று பார். ஒரு பிரதியாவது வேறு ஊரில் இருக்கட்டும்.

இவ்வளவு பயனுள்ள பயிற்சியை நிறுவனங்களே ஏன் போதுமான அளவுக்கு அளிப்பதில்லை? பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1964-இல் வெளிவந்த தம் ‘மனித மூலதனம்’ நூலில் இதற்கு விடை தந்திருக்கிறார். எந்த நிறுவனத்திலும் பயன்படும் பொதுத்திறனுக்கு முதலாளி செலவிடத் தயங்குவார். கற்றவர் நாளை வேறிடம் சென்றுவிடலாம். அந்த இடைவெளியைத் தன்னார்வலர்கள் நிரப்புகிறார்கள். 2007-இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் தொடங்கிய ‘எஸ்க்யூஎல் சாட்டர்டே’ என்னும் ஒருநாள் இலவசப் பயிற்சி, பல நாடுகளுக்குப் பரவியது இப்படித்தான்.

ஆயினும் தன்னார்வம் மட்டும் ஓர் அமைப்பைத் தாங்காது. அந்தப் பயிற்சி நாள்களுக்குப் பின்னர் ஆதரவாக நின்றது, 1999-இல் உருவான ‘பாஸ்’ சங்கம். அதன் வருவாய் பெரிதும் ஆண்டு மாநாட்டையே நம்பியிருந்தது. கொரோனா காலத்தில் மாநாடு இணையவழிக்கு மாறியது. 2021 ஜனவரி 15 அன்று சங்கம் தன் செயல்பாட்டை நிறுத்திக்கொண்டது. தேவையான பாடங்களை அதற்குள் பயன்படுத்திக்கொள்ளுமாறு உறுப்பினர்களுக்கு அறிவிப்பு வந்தது. தரவுக்கு ஒரே பிரதியை நம்பாதே என்று கற்பித்தவர்களின் சங்கம், ஒரே வருவாயை நம்பி வீழ்ந்தது. சனிக்கிழமைப் பயிற்சி பிழைத்ததற்குக் காரணம், ஊர்தோறும் அதைச் சொந்தப் பொறுப்பில் நடத்தியவர்கள் இருந்ததே.

பொருளாதாரம் பயிற்றுவித்தவன் என்ற முறையில் நான் வலியுறுத்துவது இதுதான்: இலவசமாகக் கிடைக்கும் பயிற்சிக்கும் ஒருவர் விலை கொடுக்கிறார், இன்று அதைத் தன் ஓய்வுநாளாகக் கொடுப்பவர் தனி ஊழியர். பலனடையும் வங்கிகளும் மருத்துவமனைகளும் அரசுத் துறைகளும் அந்தச் சுமையில் பங்கேற்க வேண்டும். ஊழியருக்கு ஊதியத்துடன் பயிற்சி நாள் அளிக்கலாம். கூட்டம் நடத்த இடம் தரலாம். தம்மிடம் நேர்ந்த தவறுகளை, பெயர்களைத் தவிர்த்தேனும், வெளியிடலாம். நம் ஓய்வூதியக் கணக்கும் நிலப்பதிவும் தரவுத்தளங்களில்தான் இருக்கின்றன. அவற்றின் பிரதியைக் கடைசியாக மீட்டுப் பார்த்த நாள் எது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.