இரட்டை வாழைப்பழமும் வெண்டை இலைக் குழம்பும்

கல்யாணப் பந்தியில் ஒட்டிப்பிறந்த வாழைப்பழம் இலைக்கு வந்தால், பக்கத்திலிருக்கும் அத்தை வெடுக்கென்று பிடுங்கிவிடுவார். ''வேணாம்டி, ரெட்டைப் புள்ள பொறக்கும்!''

நைஜீரியாவில் இக்போ ஓரா என்று ஓர் ஊர். அங்கே அந்த அத்தை இருந்திருந்தால் இன்னொரு பழம் சேர்த்து வைத்திருப்பார். யொரூபா இனத்தவர் வாழும் ஊர் அது. தெருவுக்குத் தெரு இரட்டையர்கள். இன்று உலகம் முழுக்க ஆயிரம் பிரசவங்களுக்குச் சுமார் 12 இரட்டைப் பிரசவங்கள். யொரூபா மக்களிடம் 1970-களை ஒட்டி நடந்த ஆய்வுகளில் அது 45-ஐத் தொட்டது. குழந்தைப்பேறு சிகிச்சைகள் பரவாத காலத்து ஜப்பானிலோ வெறும் 6 சொச்சம்!

காரணம் கேட்டால் ஊர்க்காரர்கள் வெண்டை இலைக் குழம்பையும் வள்ளிக்கிழங்கையும் காட்டுகிறார்கள். நம் வாழைப்பழம் மாதிரிதான், நிரூபணம் கிடையாது.

விஷயம் கருமுட்டையில் இருக்கிறது. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து, அச்சு அசலாக ஒரே மாதிரி பிறக்கும் இரட்டையர்கள் எந்த நாட்டிலும் ஆயிரம் பிரசவங்களுக்கு ஏறக்குறைய 4 ஜோடிதான். இன வித்தியாசமெல்லாம் இன்னொரு வகையில். ஒரே மாதத்தில் இரண்டு முட்டைகள் வெளிவந்து, இரண்டும் கருவாகிப் பிறப்பவர்கள் அவர்கள். முட்டையை முதிர வைக்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன், இரட்டையர் பெற்ற யொரூபா தாய்மார்களிடம் கூடுதலாக இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். தாயின் மரபணு, வயது, எத்தனையாவது பிரசவம் என்பதெல்லாமும் சேரும்.

''ரெட்டை எங்க பரம்பரையிலயே உண்டு'' என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். மருமகளின் முட்டைக்கும் அவர் பரம்பரைக்கும் சம்பந்தமில்லை. அவர் மகளுக்கு வேண்டுமானால் அது போய்ச் சேரலாம்.

யொரூபாவில் முதலில் பிறப்பது தைவோ, அடுத்தது கெஹிண்டே. ஆனால் கெஹிண்டேதான் மூத்தவர்! ''போய் உலகம் எப்படியிருக்குன்னு பாத்துட்டு வா'' என்று தம்பியையோ தங்கையையோ முன்னால் அனுப்பினாராம். நம் வீட்டு மூத்தவர்களும் இப்படித்தானே வேலை ஏவுகிறார்கள்?

இரட்டைக் கர்ப்பத்தில் குறைப்பிரசவமும் எடைக்குறைவும் சகஜம். அதனால்தான் மூன்றாம் மாத ஸ்கேனிலேயே, இரண்டு குழந்தைக்கும் நஞ்சுக்கொடி ஒன்றா, தனித்தனியா என்று டாக்டர்கள் பார்க்கிறார்கள். ஒன்றே என்றால் கண்காணிப்பு அதிகம் வேண்டும். நீங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்கேன் இல்லாத காலத்தில் யொரூபா தாய்மார்கள் நிறைய இரட்டையர்களைப் பெற்றார்கள், நிறையப் பறிகொடுத்தார்கள். ஒரு குழந்தை இறந்தால் அதற்காக ஒரு சாண் உயரத்தில் மரப்பொம்மை செதுக்குவார்கள். பெயர் இபெஜி. அம்மா அதைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிடுவாள். இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் இபெஜி பொம்மைகள் பலவற்றில் கண்ணும் மூக்கும் மழுங்கியிருக்கின்றன. கழுவிக் கழுவித் தேய்ந்தவை.