இந்த முனையில் கேட்பது அந்த முனையில் கேட்கிறதா?

போன தடவை அரிசியில் வண்டு விழாமல் வைத்துக்கொள்வதைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை அடுப்படியை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன். விஷயம் பாட்டும் குரலும் பற்றியது. “எனக்கென்ன, நான் பாட்டு டீச்சரா?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்றைக்கு எத்தனையோ பெண்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடியே வீடியோ காலில் பாட்டு, நடனம், யோகா என்று சொல்லிக் கொடுத்து நாலு காசு பார்க்கிறார்கள். சொல்லிக் கொடுக்காத வீட்டில், கற்றுக் கொள்ளும் பிள்ளையாவது ஒன்று இருக்கும்.

என் அக்கா மகளுக்குப் பரதநாட்டியம் நன்றாக வரும். அவள் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. கைப்பிள்ளையோடு தனியாக இருக்க வேண்டாமே என்று புன்னக்காயலுக்கு, எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். 2020-இல் ஊரடங்கு வந்தபோது ஊரே வீடியோ கால் வகுப்புக்கு மாறியது நினைவிருக்கும். அந்த டிசம்பரில் சென்னை மியூசிக் அகாடமி கூட இசை விழாவை இணையத்தில்தான் நடத்தியது. இவளுக்கு அப்போது அந்த யோசனை வரவில்லை. போன வருஷம்தான் ஆரம்பித்தாள். மஸ்கட், தோகா, பெங்களூர் என்று பதினொரு பிள்ளைகள் சேர்ந்தார்கள். அந்தப் பணத்தில்தான் நகைக்கடன் வட்டி கட்டினாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு வகுப்பு. லேப்டாப்பைத் திறந்து, பக்கத்தில் ஒரு ஸ்பீக்கரில் பாட்டைப் போடுவாள். சுருதிப்பெட்டி ஒரு பக்கம் ரீங்காரம் போடும். தட்டுமனையில் கழியால் தட்டிக்கொண்டு சொல்லுக்கட்டு சொல்லுவாள். நான் அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டே கேட்பேன். கச்சேரி மாதிரி இருக்கும்!

ஆனால் அந்தப் பக்கமிருந்து தகவல் வேறு மாதிரி வந்தது. “மிஸ், பாட்டே கேக்கல. நீங்க கத்துறது மட்டும் கேக்குது.” உடனே இவள் ஸ்பீக்கரைக் கூட்டுவாள். பாட்டு கூடினால் இவள் குரல் இவளுக்கே கேட்காது. அதனால் இன்னும் கத்துவாள். மறுநாளும் அதே புகார். இரண்டு பிள்ளைகள் நின்றுபோனார்கள். மூன்றாவது மாதம் தொண்டை கட்டி, குரல் கரகரவென்று ஆகிவிட்டது. சுக்கும் மிளகும் கொடுத்துப் பார்த்தேன். சரியாகவில்லை. தொண்டை டாக்டரிடம் காட்டியபோது, “குரல் நாண் வீங்கியிருக்கு. இப்படியே கத்துனா காய்ச்சுப் போன மாதிரி முடிச்சு விழுந்திரும். பத்து நாள் பேசாம இருங்க” என்றார்.

“சித்தி, நான் என்ன செய்ய? சத்தமா வச்சாலும் கேக்கலங்காவ. கிளாஸை விட்டுருதேன்” என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினாள் பாவம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நாம் குழம்பு வைத்தால் உப்புப் பார்க்காமல் பரிமாறுவோமா? இவள் ஒரு நாளாவது தான் பரிமாறுவதை ருசி பார்த்தாளா? பத்து நாள் கழித்து, ஒரே ஒரு நாள் என்னையும் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். என் போனையும் இயர்போனையும் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு மொட்டைமாடிக்குப் போய் உட்கார்ந்தேன்.

சகோதரிகளே, அங்கே நான் கேட்டது எங்கள் வீட்டில் கேட்கும் கச்சேரியே இல்லை! சுருதி முதலில் கொஞ்சம் கேட்டது. பிறகு யாரோ குழாயை மூடினாற்போல் நின்றுவிட்டது. கழியால் தட்டுகிறாள், படத்தில் கை போகிறது, சத்தம் இல்லை. பாட்டு விட்டுவிட்டு வந்தது. அவள் வாயைத் திறந்தால் பாட்டு அமுங்கிவிடுகிறது. வாயை மூடினால் பாட்டு தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் மெதுவாக எட்டிப் பார்க்கிறது. இதைப் பார்த்துப் பிள்ளைகள் எப்படி ஆடும்?

என் கொழுந்தன் மைக்செட் வைத்திருக்கிறார். கோயில் திருவிழா, கல்யாணம் எல்லாவற்றுக்கும் போகிறவர். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

“மைனி, இந்த வீடியோ கால் பேசுததுக்குன்னு செஞ்சது. பேச்சை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததெல்லாம் இரைச்சல்னு தள்ளிரும். ஃபேன் சத்தம் நிக்காம ஒரே மாதிரி வருதுல்லா? சுருதியும் அப்படித்தான வருது? ஃபேன்னு நினைச்சு அழிச்சிருது. டைப் அடிக்க சத்தத்தை அழிக்கும். உங்க கழிச் சத்தமும் அதுக்கு அப்படித்தான். பாட்டு ஸ்பீக்கர்ல இருந்து வருது. அதை எதிரொலின்னோ இரைச்சல்னோ எடுத்துக்கிட்டுக் கடிச்சுக் கடிச்சு விடுது.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தக் காலத்து ரேடியோவில் ‘இசைப் பயிற்சி’ கேட்டிருப்பீர்கள். வித்வான் ஒரு வரி பாடுவார், மாணவி திருப்பிப் பாடுவாள், பின்னால் தம்பூரா இழைந்துகொண்டே இருக்கும். ரேடியோ நிலையத்தில் மைக்கில் விழுந்ததெல்லாம் நம் வீட்டுக்கு வந்தது. வீடியோ கால் அப்படியில்லை. முறத்தில் புடைப்பது போல் புடைத்து, தனக்குப் பேச்சு என்று தோன்றுவதை மட்டும் அனுப்புகிறது. அதில் பாட்டு பதரோடு போய்விடுகிறது. இவள் ஸ்பீக்கரைக் கூட்டக் கூட்ட, புடைக்க வேண்டிய பதர் கூடினதாக அது நினைத்துக்கொண்டது!

“அப்போ என்ன செய்யணும்?” என்றேன்.

“மைக்செட்ல நான் என்ன செய்யுதேன்? நாதஸ்வரத்துக்கு ஒரு மைக், மந்திரம் சொல்லுதவருக்கு ஒரு மைக். ரெண்டும் தனித்தனி வயர்ல மிக்சர் பெட்டிக்கு வருது. அங்க திருகிக் கூட்டிக் குறைக்கேன். இங்கயும் குரலுக்கு ஒரு வழி, பாட்டுக்கு ஒரு வழி வேணும். அவ்வளவுதான்.”

அன்று அவர் செய்து கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன். ஜூமில் வகுப்பு எடுக்கிறவர்கள் செய்து பார்க்கலாம்.

முதலில் ஸ்பீக்கரை எடுத்து உள்ளே வைத்தாயிற்று. பாட்டும் சுருதியும் லேப்டாப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். ஜூமில் ‘ஷேர்’ பொத்தானை அழுத்தினால் ‘ஷேர் சவுண்ட்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால் பாட்டு காற்றில் வராமல் உள்வழியாகவே பிள்ளைகளுக்குப் போய்விடும். மைக் அதைத் தொடவே தொடாது, புடைக்கவும் புடைக்காது. கூகுள் மீட்டில் என்றால், பாட்டை குரோமில் ஒரு டேபில் ஓடவிட்டு, அந்த டேபை மட்டும் ஷேர் செய்தால் சத்தமும் கூடவே போகும்.

இரண்டாவது, குரலுக்கு வயர் வைத்த காலர் மைக். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம். காதில் வயர் இயர்போன். ப்ளூடூத் வேண்டாம் என்றார் கொழுந்தன். அதில் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும், பேசும்போது பாட்டின் தரமும் குறைந்துபோகும்.

மூன்றாவது, கழிச் சத்தத்துக்காக ஜூம் ஆடியோ அமைப்பில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்று இருப்பதைப் போட்டார். இது போட்டிருந்தால் புடைக்கிற வேலையை நிறுத்திவிட்டு, மைக்கில் விழுவதை உள்ளபடி அனுப்பும். ஆனால் ஒன்று. அப்போது தெருவில் போகும் வண்டியும், ஆற்றில் வரும் வள்ளத்து இன்ஜினும், குக்கர் விசிலும் சேர்ந்தே போகும். அதனால் ஐந்தரையிலிருந்து ஆறரை வரை எங்கள் வீட்டில் குக்கர் வைப்பதில்லை, ஜன்னலைத் திறப்பதில்லை.

நான்காவதுதான் மிக்சிங். இதை நான் மொட்டைமாடியில் இருந்து செய்தேன்! அவள் பாட்டை ஓடவிட்டுச் சாதாரணமாகப் பேசுவாள். நான் கேட்டு, “குறை, இன்னும் குறை” என்று போனில் எழுதுவேன். பாட்டுப் பெட்டியின் சத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு வந்ததும் இரண்டும் அழகாகச் சேர்ந்தன. குரல் சோறு, பாட்டு குழம்பு. சோறு மிதக்கக் கூடாது. அவளுக்கு அந்த அளவு ரொம்பக் குறைச்சலாகத் தோன்றியது. “பத்தாது சித்தி” என்றாள். “உனக்குப் பத்தாது, பிள்ளைகளுக்கு அதுதான் சரி” என்றேன். அந்த இடத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். இன்னொன்று இருக்கிறது.

மஸ்கட்டில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று. தாளம் தப்புகிறது, எப்போதும் ஒரு அடி பிந்துகிறது என்று இவள் வாரக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். குழந்தை அழுதுகொண்டே கேமராவை அணைத்துவிட்டது. அதன் அம்மா, “அவளுக்கு நடனம் வராது போலிருக்கு மிஸ், நிப்பாட்டிரலாம்” என்றார்.

கொழுந்தனிடம் இதையும் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “மைனி, பாட்டு இங்க இருந்து மஸ்கட் போக நேரம் ஆகும். பிள்ளை அதைக் கேட்டு ஆடும். அந்த ஆட்டம் படமாத் திரும்பி வர மறுபடி நேரம் ஆகும். போகக் கொஞ்சம், வரக் கொஞ்சம், கால் நொடி அரை நொடின்னு பிந்தும். இவ தன் காதுல ஓடுத பாட்டோட அந்தக் காலைப் பொருத்திப் பாத்தா, சரியா ஆடுத பிள்ளையும் பிந்தித்தான தெரியும்?”

அக்கா மகள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அந்தக் குழந்தைக்குப் பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அங்கே அவர்கள் வீட்டிலேயே ஓடவிட்டு, மைக்கைத் திறந்து வைத்து ஆடச் சொன்னோம். அங்கேயும் இயர்போனைக் கழற்றி, ஒரிஜினல் சவுண்ட் போட்டுக்கொள்ளச் சொன்னோம். இப்போது பாட்டும் காலும் அங்கேயிருந்து ஒன்றாகக் கிளம்பி, ஒன்றாகவே வந்து சேர்ந்தன. இங்கே பாட்டு ஓடவில்லை. பார்த்தோம். ஒரு அடி கூடத் தப்பவில்லை, சகோதரிகளே! அலாரிப்பு முழுக்கத் தாளத்தில்தான் ஆடியது அந்தக் குழந்தை. இத்தனை வாரமும் அப்படித்தான் ஆடியிருக்கும்.

“தப்பு ஒம்மேல இல்லம்மா. மிஸ்ஸுக்குத்தான் தெரியல” என்று எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சொன்னாள். திட்டினதும் எல்லோர் முன்னால்தானே! குழந்தை ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை ஆடிக் காட்டட்டுமா என்று மட்டும் கேட்டது.

அதிலிருந்து வகுப்பின் முறையே மாறிவிட்டது. முதலில் பாட்டு இல்லாமல் குரலும் கழியும் மட்டும். பிள்ளைகள் மைக்கை மூடிக்கொண்டு பார்த்து ஆட வேண்டும். பிறகு உள்வழியில் பாட்டு, மேலே லேசாக அவள் குரல். கடைசியில் ஒவ்வொரு பிள்ளையாகத் தங்கள் வீட்டுப் பாட்டுக்கு ஆடிக் காட்ட வேண்டும். எல்லோரும் சேர்ந்து ஒரே நேரத்தில் பாடுவதும் ஆடுவதும் வீடியோ காலில் சரிப்படாது. அதற்காக யாரையும் நோகக் கூடாது.

சொல்லிக் கொடுக்கும் பெண்களுக்கு இரண்டு வார்த்தை. தண்ணீர்ச் சொம்பு பக்கத்திலேயே இருக்கட்டும். தொண்டை கட்டினால் கிசுகிசுவென்று பேசாதீர்கள், அதுவும் தொண்டைக்குச் சிரமம்தான். பேசாமலிருப்பதே மருந்து. மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் கைவைத்தியத்தோடு நிற்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார்களுக்கும் ஒன்று. இயர்போன் சத்தத்தை 60 சதவீதத்துக்கு மேல் வைக்க விடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75 டெசிபல், அதுவும் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று அளவு சொல்கிறது. பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்றால் இயர்போனைக் கூட்டுவதை விட, டீச்சரிடம் சொல்வதே நல்லது. அவருக்கு அது தெரிந்திருக்காது.

வகுப்பு ஆரம்பிக்கும் முன் வீட்டில் யாரையாவது இன்னொரு போனோடு அடுத்த வீட்டுக்கோ மாடிக்கோ அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். ஒரே அறையில் இரண்டு போன் வைத்தால் ஊளையிடும், தள்ளிப் போக வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. மாமியார் இருந்தால் இன்னும் விசேஷம், குறை ஒன்றையும் விட மாட்டார்!

நின்றுபோன இரண்டு பிள்ளைகளில் ஒன்று திரும்பி வந்துவிட்டது. இன்னொன்று வரவில்லை. அக்கா மகள் குரல் முக்கால்வாசி தேறிவிட்டது. இப்போது அவள் வகுப்பு எடுக்கும்போது அடுப்படிக்கு ஒன்றுமே கேட்பதில்லை. எனக்குக் கச்சேரி போச்சு. பரவாயில்லை, மஸ்கட்டில் கேட்கிறது.