ஸ்கேன் செய்தால் மட்டும் போதுமா? எமது ஆவணங்களுக்கு ஒரு நீண்டகாலத் திட்டம் வேண்டும்

2023 ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் கட்டமைப்பு ரேன்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீட்க முடியாமல் போயின. காப்புப் பிரதி இருக்கத்தான் செய்தது. ஆனால் அது அதே வலையமைப்பில் இணைக்கப்பட்டிருந்ததால் அதுவும் சேர்ந்தே பூட்டப்பட்டது. அந்தக் காலப்பகுதிக்கு வலையமைப்புக்கு வெளியே வைக்கப்பட்ட பிரதி எதுவும் இருக்கவில்லை.

இது வறிய நாட்டின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. 2025 செப்டெம்பரில் தென்கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள அரச தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகளில் தீப்பற்றியபோது, அரச ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த 'ஜி-டிரைவ்' களஞ்சியம் எரிந்துபோனது. அழிந்த தரவு 858 டெராபைட். தரவின் அளவு மிகப் பெரிது என்பதால் வேறிடத்தில் பிரதி வைக்கப்படவில்லை என்பதே அதிகாரிகள் கூறிய காரணம்.

இவற்றுக்கும் எமது சமூகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். அண்மைக்காலமாக எம்மிடையே ஆவணங்களை டிஜிட்டல் மயப்படுத்தும் ஆர்வம் வளர்ந்துள்ளது. அரபுத்தமிழ்க் கிதாபுகள், பழைய சஞ்சிகைகள், பள்ளிவாசல் நிகாஹ் பதிவேடுகள், மர்ஹூம்களான உலமாக்களின் பயான் ஒலிநாடாக்கள் எனப் பலவும் ஸ்கேன் செய்யப்பட்டும் பதிவேற்றப்பட்டும் வருகின்றன. வரவேற்க வேண்டிய பணிதான். ஆனால் ஸ்கேன் செய்த கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று விசாரித்தால், பெரும்பாலும் ஒருவருடைய வீட்டு அலுமாரியில் உள்ள வன்தட்டு ஒன்று, அல்லது ஒருவருடைய இலவச கூகுள் கணக்கு என்ற பதிலே கிடைக்கும்.

ஆவண இழப்பின் வலி எமக்குப் புதியதல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், காணி உறுதிகளைக்கூட எடுக்க அவகாசமின்றி வந்தவர்கள். மீளக்குடியேறச் சென்றபோது தமது காணியையும் வதிவிடத்தையும் நிரூபிக்க அவர்கள் பட்ட பாடு தெரிந்ததே. 2004 சுனாமி கிழக்குக் கரையோர ஊர்களில் வீடுகளோடு பத்திரங்களையும் அள்ளிச் சென்றது. ஒரு பள்ளிவாசல் பதிவேடு தேவைப்படும் நாளில், ஒரு குடும்பத்தின் உரிமைக்கான சாட்சி அதுவே.

வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டால் கவலையில்லை என்பதும் சரியல்ல. இலங்கை மலாய் முஸ்லிம் குடும்பங்களிடமிருந்த கையெழுத்துப் பிரதிகள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் கீழ் டிஜிட்டல் மயப்படுத்தப்பட்டன. பெறுமதியான பணி. ஆனால் 2023 ஒக்டோபரில் அந்த நூலகமே இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் டிஜிட்டல் சேகரிப்புகளை மாதக் கணக்கில் எவராலும் பார்க்க முடியாமல் போனது. பிரதிகளை உரிய நாட்டிலும் வைக்க வேண்டும் என்று அத்திட்டம் வலியுறுத்துவதன் அருமை அப்போதுதான் புரிந்தது.

இனி, செலவைப் பார்ப்போம். ஏ4 அளவிலான ஒரு பக்கத்தை 300 டிபிஐ தரத்தில் நிறத்தோடு ஸ்கேன் செய்து, சுருக்காமல் 'டிஃப்' கோப்பாக வைத்தால் ஏறத்தாழ 26 மெகாபைட் வரும். ஒரு இலட்சம் பக்கங்களுக்கு 2.6 டெராபைட். இன்று கடையில் வாங்கும் ஒரே வன்தட்டில் இது அடங்கிவிடும். ஆகவே இடம் ஒரு பிரச்சினையே அல்ல. காலம்தான் பிரச்சினை. வன்தட்டை மூன்று முதல் ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை மாற்றுவதே பாதுகாப்பானது. எமது ஈரப்பதமான காலநிலையில் சீடிக்களில் பூஞ்சை பிடிக்கிறது. பெரிய காப்பகங்கள் பயன்படுத்தும் எல்டிஓ காந்த நாடா முறையாகப் பேணினால் 30 வருடங்கள் வரை இருக்கும் என்கிறார்கள். ஆனால் ஒன்பதாம் தலைமுறை இயந்திரத்தால் ஏழாம் தலைமுறை நாடாவை வாசிக்க முடியாது. எந்த ஊடகத்தைத் தெரிவு செய்தாலும், சில வருடங்களுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றியே ஆக வேண்டும்.

இதற்கு உலகெங்கும் பின்பற்றப்படும் எளிய விதி ஒன்றுண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்றாவது வேறு ஊரில். அத்தோடு ஒரு பிரதி இணையத்தோடு இணைக்கப்படாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் 'செக்சம்' எனும் சரிபார்ப்பு எண்ணைப் பதிந்து, வருடாந்தம் ஒப்பிட வேண்டும். கோப்பு சிதைந்திருந்தால் எண் மாறிவிடும். நல்ல பிரதியிலிருந்து உடனே திருத்தலாம்.

இந்தச் சிந்தனை எமக்கு அந்நியமானதல்ல. உஸ்மான் (ரழி) அவர்கள் அல்குர்ஆனைப் பிரதிகளாக எழுதச் செய்து பல நகரங்களுக்கு அனுப்பினார்கள். ஹாபிழ்களின் மனனம் இன்னொரு பாதுகாப்பாக இருந்தது. பிரதிகளைப் பெருக்குவதும், ஒன்றோடொன்று ஒப்பிடுவதும், வெவ்வேறு இடங்களில் வைப்பதும் அன்றே கைக்கொள்ளப்பட்ட வழிமுறைகள்.

பணத்துக்கான வழியும் எமது மரபிலேயே உண்டு. டிஜிட்டல் திட்டங்களுக்குக் கிடைக்கும் நன்கொடை ஸ்கேனர் வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. பத்து வருடங்களுக்குப் பின் வன்தட்டு மாற்ற யாரும் பணம் தருவதில்லை. வருமானம் தரும் ஒரு கடையறையையோ நிலத்தையோ இதற்கென வக்பு செய்தால், செலவு தொடர்ந்து ஈடுசெய்யப்படும். கொடுத்தவருக்கு ஸதகதுல் ஜாரியாவாகவும் அமையும். 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டம் எம்மிடம் இருக்கிறது. வக்பு சபை இதுபற்றி நம்பிக்கையாளர் சபைகளுக்கு வழிகாட்டலாம்.

எல்லாவற்றையும் ஒவ்வொரு ஊரும் தனியே செய்ய வேண்டியதில்லை. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் நிறுவனம் போன்ற அனுபவமுள்ள அமைப்புகளோடு கைகோர்க்கலாம். கிழக்கிலுள்ள ஒரு நிறுவனமும் மத்திய மலைநாட்டிலுள்ள ஒரு நிறுவனமும் ஒன்றின் பிரதியை மற்றது வைத்துக்கொள்ள உடன்படலாம். ஒரு பகுதியில் வெள்ளமோ கலவரமோ ஏற்பட்டால் மறுபகுதியில் ஆவணம் இருக்கும். நிகாஹ், தலாக் பதிவுகள் போன்ற குடும்ப இரகசியங்கள் பொதுவில் திறக்கப்படாமல், யார் பார்க்கலாம் என்பதை எழுத்தில் வரையறுப்பதும் அவசியம்.

அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்தார். அது வெளிவந்து 140 வருடங்கள் கடந்த பின்னரும், எஞ்சிய காகிதப் பிரதிகளை எம்மால் வாசிக்க முடிகிறது. இன்று நாம் ஸ்கேன் செய்யும் கோப்பு, கவனிக்க ஆளில்லாவிட்டால் பதினைந்து வருடங்கள்கூடத் தாங்காது. ஆகவே அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒவ்வொரு ஜமாஅத்தும் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: எமது ஆவணங்களுக்கு எத்தனை பிரதிகள் உள்ளன? அவை எங்கே உள்ளன? இப்போதைய பொறுப்பாளருக்குப் பின் அவற்றைக் கவனிப்பவர் யார்?