ஓதுவதும் கல்விதான், கணக்கும் கல்விதான்!

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது எதற்காக?

"நாலு காசு சம்பாதிக்க" என்பார்கள் சிலர். "நல்ல பிள்ளையாக வளர" என்பார்கள் வேறு சிலர்.

இஸ்லாம் இதற்கு என்ன பதில் சொல்கிறது? தூத்துக்குடி முத்துக்குளித்துறையின் சரித்திரத்தைப் புரட்டினால் அந்தப் பதில் கிடைக்கும்.

முதல் கட்டளை

நபிகள் நாயகத்துக்கு முதன்முதலாக அருளப்பட்ட வசனம் ஓதும்படி கட்டளையிடுகிறது. எழுதுகோலைக் கொண்டு இறைவன் மனிதனுக்குக் கற்பித்ததையும் அது சொல்கிறது.

624-ம் ஆண்டில் பத்ருப் போர் நடந்தது. எதிரிகள் பலர் கைதிகளாகப் பிடிபட்டனர். அவர்களில் பணம் இல்லாத, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகளுக்கு ஒரு சலுகை கிடைத்தது. ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் விடுதலை! வரலாற்று ஆசிரியர்கள் இவ்வாறு எழுதியுள்ளனர்.

அந்தக் கைதிகள் முஸ்லிம்கள் அல்லர். அவர்கள் மார்க்கம் போதிக்கவில்லை, எழுத்தைத்தான் போதித்தார்கள். அதுவும் கல்வி என்றே மதிக்கப்பட்டது.

இரண்டு கடமைகள்

1111-ம் ஆண்டில் காலமான இமாம் கஸ்ஸாலி பெரிய அறிஞர். அவர் கல்விக் கடமையை இரண்டாகப் பிரித்தார்.

ஒன்று, ஒவ்வொருவரும் கற்க வேண்டியது. இறைவனை அறிவது, தொழுவது, நேர்மையாக நடப்பது ஆகியவை இதில் சேரும்.

மற்றொன்று, ஊரில் சிலராவது கற்க வேண்டியது. வைத்தியமும் கணக்கும் இந்த வகை. ஊரில் ஒருவர்கூட வைத்தியம் கற்கவில்லை என்றால், அந்தப் பாவம் ஊரார் அனைவரையும் சாரும்.

ஆகவே, டாக்டருக்குப் படிக்கும் பெண்ணும் மார்க்கக் கடமையைத்தான் செய்கிறாள்.

இரண்டு ஆசிரியர்கள்

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் அடக்கத்தலம் எட்டயபுரத்தில் இருக்கிறது. அவருக்குத் தமிழ் கற்பித்தவர் எட்டயபுரம் அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவர். அவர் இந்து. நபிகள் வரலாறு அறிய உமறு நாடிச் சென்றது, காயல்பட்டினத்தில் பிறந்த சதக்கத்துல்லா அப்பாவை.

இந்த இரண்டு கல்வியும் சேர்ந்துதான் ஒரு காப்பியம் பிறந்தது!

அடுப்படிக்கு வந்த எழுத்து

இக்கரையின் மற்றொரு செல்வம் அரபுத்தமிழ். மொழி தமிழ்; எழுத்து அரபு. அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்குத் தனி எழுத்துகள் அமைத்தார்கள்.

காரணம் எளிது. குர்ஆன் ஓதக் கற்ற பெண்ணுக்கு அரபு எழுத்து தெரியும். அதே எழுத்தில் தமிழை எழுதிக் கொடுத்தால், புது எழுத்துக் கற்காமலே பொருள் புரிந்து படிப்பாள். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அரபுத்தமிழில் மார்க்க நூல்கள் எழுதினார். வெளியே பள்ளிக்கூடம் போகாத பெண்களுக்கும் வீட்டிலேயே கல்வி கிடைத்தது.

இன்றைய கவலை

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக் கரையின் முத்துக்குளிப்பு 1961-ம் ஆண்டோடு ஓய்ந்தது. அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள்.

இன்று பல பிள்ளைகள் காலையில் மதரசாவில் ஓதுகிறார்கள். பிறகு பள்ளிக்கூடம் போகிறார்கள். இங்கே ஒரு ஆசிரியர், அங்கே ஒரு ஆசிரியர். பரீட்சை வந்தால் சில வீடுகளில் ஓதுவது நிற்கிறது. வேறு சில வீடுகளில் பெண் பெரியவளானதும் பள்ளிப் படிப்பு நிற்கிறது.

இரண்டும் நஷ்டமே. பொருள் தெரியாமல் ஓதினால் மனம் வளராது. ஒழுக்கம் இல்லாமல் பட்டம் பெற்றால் ஊருக்குப் பயன் இராது. 1977-ம் ஆண்டில் மக்காவில் கூடிய முதல் உலக முஸ்லிம் கல்வி மாநாடும் அறிவு, ஆன்மா, உடல் எல்லாம் சேர்ந்து வளர வேண்டும் என்றே வலியுறுத்தியது.

வழி இல்லாமல் இல்லை. காயல்பட்டினத்திலேயே 2006-ம் ஆண்டில் வாவு வஜீஹா வனிதையர் கல்லூரி தொடங்கப்பட்டது. பட்டப் படிப்புக்காகப் பெண்கள் வெளியூர் போக வேண்டிய கட்டாயம் குறைந்தது.

மீதி வேலை பெற்றோருடையது. மதரசாவிலிருந்து வரும் பிள்ளையிடம், "இன்று ஓதியதற்குப் பொருள் என்ன?" என்று கேளுங்கள். பள்ளியிலிருந்து வரும் பிள்ளையிடம், "இன்று படித்ததால் யாருக்கு என்ன உதவி செய்யலாம்?" என்று கேளுங்கள்.

இந்த இரண்டு கேள்விகளையும் எந்த மதத்துப் பெற்றோரும் கேட்கலாம்.